பை மிதக்கும் அரை மணி

அரை மணி நேரம் கையை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று ஜெயசீலி அக்கா சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனபோது மணி பத்தேகால். நாலடித் தொட்டியின் ஒரு மூலையில், ரப்பர் பேண்டு போட்டு வாயைக் கட்டிய பிளாஸ்டிக் பை தண்ணீர்மேல் மிதந்துகொண்டிருந்தது. பைக்குள் கோமளவல்லியின் மீன். பைத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வருகிற வரைக்கும் திறக்கக் கூடாது, திறந்தால் மீன் அதிர்ச்சியிலேயே போய்விடும் என்பது மீன் வளர்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான், கோமளாவுக்கும் தெரியும், ஆனால் அந்த அரை மணியைச் சொந்த வீட்டில் உட்கார்ந்து கழிப்பது வேறு, கொளத்தூரில் இன்னொருத்தர் வீட்டு ஹாலில், யாரோ தைத்த உறை போட்ட சோபாவில், செருப்பை வாசலில் சரியான இடத்தில்தான் விட்டோமா என்ற யோசனையோடு கழிப்பது வேறு. அவளும் அந்த மீனும் இன்றைக்கு ஒரே காரியமாகத்தான் வந்திருக்கிறார்கள். இந்த வீட்டு மாடியறை மூன்று மாதமாகக் காலி. ஜெயசீலி அக்கா மூன்று மாதமாகக் கூப்பிடுகிறாள், வந்துடு கோமளா, நான், ரமீஜா, நீ, மூணு பேரும் ஒண்ணா இருக்கலாம். சாயந்திரம் ஐந்து மணிக்கு அந்த அறையைப் பார்க்க வேறொரு அம்மாள் வருகிறாள், அதற்குள் ஆம், இல்லை என்று சொல்லியாக வேண்டும். கோமளாவோ, முதல்ல என் மீன் உங்க தொட்டியில பிழைக்குதான்னு பார்க்கிறேன்க்கா, அப்புறம் என் கதையைப் பேசுவோம் என்று போனில் சொல்லிவிட்டாள். ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனுஷி எடுக்க வேண்டிய முடிவை ஒரு சாண் மீனின் தலையில் கட்டியாயிற்று, இப்போது அதைப் பார்க்க அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பைக்குள் அது ஒளிய இடமில்லாமல் நின்றது. ஐந்து வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில், பகல் வெளிச்சத்தில் அதன் முழு உடம்பையும் அவள் பார்த்ததே இல்லை. ஆரஞ்சு உடம்பு, அதில் மூன்று கறுப்புப் பட்டை, சிவந்த துடுப்பு, வாயோரம் நாலைந்து மீசை, இவ்வளவு அழகாகவா இருந்தாய் நீ. அயனாவரத்து வீட்டில் அது இருந்த இடம் பிவிசி குழாய்த் துண்டு, பிளம்பர் விட்டுப்போனது, போன மாதம் வரைக்கும் அதற்குள்ளிருந்து மீசையும் ஒரு கண்ணும் தெரியும், அவ்வளவுதான். காலையில் பிடிக்கப் போனதும் அது குழாய்க்குள் ஓடிக்கொண்டது, குழாயோடு கொண்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, வேணாம், வண்டி குலுங்கினா குழாய் உருண்டு மீனை நசுக்கிடும் என்று அக்கா சொல்லிவிட்டாள். வலையும் போடக் கூடாது, இந்த ஜாதிக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு முள் உண்டு, வலையில் மாட்டிக்கொள்ளும். முக்கால் மணி நேரம் குவளையும் கையுமாக அதோடு கெஞ்சினாள், வா துரை, வா ராஜா. துரை என்று பேர் வைத்தது வாங்கின முதல் வாரத்தில். டியூட்டி முடிந்து வந்து பார்த்தால் தரையில் ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கிறது, அசைவில்லை, செத்துப் போச்சு என்று அழுதுகொண்டே கையை விட்டால் சட்டென்று எழுந்து குழாய்க்குள் போய்விட்டது. கடைக்காரரைப் போய்க் கேட்டாள். க்ளவுன் லோச் அப்படித்தாம்மா தூங்கும், துரை மாதிரி, என்றார். அந்தக் கடைக்காரர்தான் அதை ஒற்றையாகக் கொடுத்ததும். அவள் கேட்கப் போனது மீனே இல்லை, நத்தைக்கு மருந்து. செடியோடு வந்த நத்தை பெருகித் தொட்டி முழுக்க அப்பிக்கொண்டிருந்தது, மருந்து வேணாம்மா, லோச் ஒண்ணு போடுங்க, எல்லாத்தையும் தின்னுடும், ஒண்ணே போதும் என்றார். ஒண்ணே போதும். இரண்டு மாதத்தில் நத்தை ஒன்றுகூட இல்லை. வேலை முடிந்தும் மீன் மட்டும் ஐந்து வருஷம் அங்கேயே இருந்தது, இதை யாராவது யோசித்தார்களா, அவள் யோசித்தாளா. வெளியே வராத மீன், சத்தம் போடாத மீன், தொந்தரவில்லாத மீன், என்னை மாதிரியே தனிமை விரும்பி என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜெயசீலி அக்காவிடமும் அப்படித்தான் சொன்னாள். ரயில்வேயில் ஓய்வு பெற்ற அக்கா முழங்கால் வலியென்று கோமளாவின் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்க வந்தவள், ஒரு கையில் டாக்டர் சீட்டு, இன்னொரு கையில் ஏஞ்சல் மீன் ரெண்டு இருந்த பை. இதை உள்ள கொண்டு வரக் கூடாதும்மா என்று கோமளா சொல்ல, அப்ப இதுக்கும் ஒரு படம் எடுத்துடுங்களேன், முள்ளு எத்தனைன்னு பார்க்கலாம் என்று அவள் சொல்ல, இருபத்தெட்டு வருஷ வேலையில் அந்த இருட்டறைக்குள் கோமளா சிரித்தது அன்றைக்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். ஈயச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க, இப்ப விடுங்க, நாளுக்கு அறுபது தடவை இதைச் சொல்வதுதான் அவள் வேலை. ஊர் எலும்பெல்லாம் அவளுக்குத் தெரியும், ஒருத்தர் முகமும் நினைவிருக்காது. அக்கா முகம் நினைவில் நின்றது. பழக்கமாகி ஒரு ஞாயிற்றுக்கிழமை அயனாவரம் வந்தவள் தொட்டிமுன் குனிந்து குழாயைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள், பிறகு, எத்தனை வருஷமா தனியா வச்சிருக்கே என்றாள். அஞ்சு. இதுக்குத் தனியா இருக்கத்தான்க்கா பிடிக்கும், வெளியவே வராது. அக்கா சிரிக்கவில்லை. கோமளா, இது கூட்டத்து மீன்டி. அஞ்சாறு பேர் பக்கத்துல இருந்தாத்தான் வெளிய வரும். பிடிச்சுப் போயி உள்ள உக்காந்திருக்கலை, பயந்து போயி உக்காந்திருக்கு. சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு முழுக்கக் கோமளாவுக்கு அக்காமேல் ஆத்திரம். மீனை வைத்து மனுஷிக்கு ஜாதகம் பார்க்கிறாளா. ஆனால் ஆத்திரத்துக்குள்ளே வேறொரு குரல் வந்து உட்கார்ந்துகொண்டது, அண்ணியின் குரல். அப்பா போனபிறகு அண்ணன் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது, கூடத்தில் யாரிடமோ அண்ணி சொன்னது, அவங்களுக்கு யாரும் ஆகாது, தனியாவே இருந்து பழகிட்டாங்க. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, நல்லவள்தான். அறைக்குள்ளேயே கிடந்தது உண்மைதானே. எந்த டம்ளரை எடுக்கலாம் என்று தெரியாமல் தாகத்தோடு படுத்தது உண்மை, குளியலறையில் எல்லாரும் போய்வந்த பிறகு போகலாம் என்று காத்திருந்து ஆஸ்பத்திரிக்கு லேட்டாகப் போனது உண்மை, எல்லாரும் சிரிக்கும்போது போய் நின்றால் சிரிப்பு நின்றுவிடுமோ என்று கதவுக்குப் பின்னால் நின்றது உண்மை. அதற்குப் பேர் யாரும் ஆகாது என்பதா. ஒருத்தராவது கதவைத் தட்டி, என்ன பயம் உனக்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அண்ணி சொன்னதைச் சர்டிபிகேட் மாதிரி வாங்கிக்கொண்டு அயனாவரத்தில் தனியாக வீடு பார்த்தாள், பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

"அக்கா, ஃபேன் போடட்டா?"

மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்த ரமீஜா கேட்டாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், நாற்பதுக்குள்தான் இருக்கும், விவாகரத்துக்குப் பிறகு நாலு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறாள். கோமளா வேண்டாம் என்று தலையாட்டி, பிறகு போடுங்க என்றாள், பிறகு எதற்கு இரண்டும் சொன்னோம் என்று யோசித்தாள்.

"இவர்தான் துரையா? நல்லா வளத்தியாதான் இருக்காரு. ஆனா எங்க ஹெச்.எம். ஒத்துக்கணுமே."

தொட்டியின் அடியில், வேர்க்கட்டைக்குப் பக்கத்தில், ஐந்து லோச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதில் பெரியதுதான் ஹெச்.எம். துரையைவிட ஒரு விரல்கடை நீளம். பையைப் பார்த்துவிட்டது போலிருக்கிறது, மேலே வந்து பிளாஸ்டிக்கை மூக்கால் இடித்துவிட்டுக் கீழே போனது.

"கடிக்குமா?"

"எனக்கு என்னக்கா தெரியும். முதல் நாள் ஸ்கூல்ல யாரு கடிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ரமீஜா உள்ளே போய், மீன் வறுபடுகிற வாசனைக்கு நடுவே அக்காவுடன் ஏதோ வாதாடினாள். தொட்டிக்கு ஒரு மீன், சட்டிக்கு ஒரு மீன், இந்த வீட்டில் யாருக்கும் அதில் கூச்சமில்லை.

கடித்தால்? கடிக்கிற ஜாதியும் இருக்கிறதே. இந்தத் தெருவைத் தாண்டினால் வளர்ப்பு மீன் கடைகள்தான் வரிசையாக, ஃபைட்டர் மீன்களைப் பாட்டில் பாட்டிலாக அடுக்கி, பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே அட்டைத் துண்டு சொருகி வைத்திருப்பார்கள். அட்டையை எடுத்தால் ஒன்றையொன்று பார்த்துச் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் மோதும். அதற்குத் தனிமைதான் சுகம், அதைக் கொண்டுபோய் இன்னொரு ஆண் ஃபைட்டரோடு விட்டால் அது பாவம். அப்படியானால் எல்லாருக்கும் கூட்டம்தான் நல்லது என்று சொல்லவும் முடியாது. இதுதான் மூன்று மாதமாக அவளைக் குடைகிறது. ஃபைட்டரும் தனியாகத்தான் இருக்கிறது, துரையும் தனியாகத்தான் இருந்தது, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று, உள்ளே இருப்பதை எந்த எக்ஸ்ரேயில் எடுப்பது. நான் எந்த ஜாதி. அக்காவுக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாள். இப்படியே சுற்றிச் சுற்றி வந்துதான் போன மாதம் ஒரு காரியம் செய்தாள். பொட்டு வைக்கிற கைக்கண்ணாடியை எடுத்துத் தொட்டியின் வெளிப்பக்கம், குழாய்க்கு நேரே சாய்த்து வைத்தாள். ஃபைட்டராக இருந்தால் சண்டைக்கு வரும், அல்லது பயந்து இன்னும் உள்ளே போகும், போகட்டும், அக்கா சொன்னது பொய்யென்று ஆகட்டும். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு மீசை வந்தது, தலை வந்தது, முழு உடம்பும் வெளியே வந்து கண்ணாடியில் தெரிந்த இன்னொரு மீனின் பக்கத்தில், உரசுகிற தூரத்தில், அப்படியே படுத்துக்கொண்டது. டியூட்டிக்குப் போய்விட்டு வந்து பார்த்தாள், அங்கேயே. மறுநாளும் அங்கேயே. இல்லாத ஒரு துணைக்குப் பக்கத்தில் ராப்பகலாகப் படுத்துக் கிடந்தது. கண்ணாடியை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை, ஒரு மாதமாகப் பொட்டைத் தடவிப் பார்த்துத்தான் வைத்துக்கொள்கிறாள், கோணல் பொட்டோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். ஐந்து வருஷம் சோறு போட்டு, தண்ணீர் மாற்றி, ராஜா என்று கூப்பிட்டு, தெரியாத்தனமாக ஒரு உயிரை இப்படி வைத்திருந்தேனே என்று அன்றைக்கு அவள் தொட்டிமுன் உட்கார்ந்து அழுதாள். மீனுக்காக மட்டும் அழவில்லை என்பது அழும்போதே தெரிந்தது.

போன ஐப்பசி மழையில் நாலு நாள் காய்ச்சல். லீவு சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஒரு மெசேஜ் அனுப்பியதோடு சரி, யாரும் வரவில்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை. ஐந்தாம் நாள் பால்காரர் பெல் அடித்து, என்னம்மா நாலு நாளா பாக்கெட் அப்படியே கிடக்குது என்று கேட்க, பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. காய்ச்சலால் இல்லை, நாலு நாளாகப் பேசாததால். காற்றுதான் வந்தது. பயமாக இருந்தது. அந்தப் பயம் இன்னும் இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம் இந்த வீட்டுப் படியேறும்போது இருந்தது, இங்கே எந்த டம்ளர் யாருடையது, ரமீஜா எந்நேரம் குளிப்பாள், நான் தூங்கும்போது குறட்டை விடுகிறேனா இல்லையா, இதுவரை சொல்ல ஆள் இல்லையே. பையில் துரை திரும்பி நின்றது, இப்போது அதன் கண் நேராக அவளைப் பார்த்தது, அந்த நிமிஷத்தில் அவளுக்குள் ஒரு எண்ணம் ஓடியது. ஹெச்.எம். கடிக்கட்டும். நாலு துடுப்பு கிழியட்டும். பார்த்தீங்களாக்கா, ஒத்து வரலை என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்துவிடலாம், ஒரு மணிக்குள் அயனாவரம், தாழ்ப்பாள், குழாய், தன் டம்ளர். எண்ணம் ஓடி முடிந்தபிறகுதான் அது என்னவென்று உறைத்தது. தனக்கு ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காக இந்த வாயில்லாப் பிராணி கடிபட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளே. சீ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். ஃபேன் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

"நேரமாயிடுச்சு" என்று அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தொட்டி லைட்டை அணைத்தாள், வெளிச்சம் இருந்தால் புதுசு மிரளும். பையைத் திறந்து ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீர், ஐந்து நிமிஷம், இன்னொரு டம்ளர், ஐந்து நிமிஷம், அவசரமே படமாட்டாள். டம்ளரைக் கோமளா கையில் கொடுத்து, நீ ஊத்து என்றாள். மூன்றாவது டம்ளரில் பாதியைக் கோமளா தரையில் கொட்டிவிட்டாள், ரமீஜா காலாலேயே கால்மிதியை இழுத்து அதன்மேல் போட்டாள். பிறகு துரையைக் குவளையில் மொண்டு, பைத் தண்ணீரை வாளியில் வடித்துவிட்டு, குவளையைத் தொட்டிக்குள் அமிழ்த்தித் திருப்பினாள் அக்கா. துரை நேரே தரைக்குப் போனது. ஒளிய இடம் தேடியது. வேர்க்கட்டையின் கீழ் நுழையப் போக, உள்ளேயிருந்து ஹெச்.எம். வெளியே வந்தது.

அடுத்து நடந்தது கோமளாவுக்குப் புரியவில்லை. இரண்டு மீனின் நிறமும் போய்விட்டது. ஆரஞ்சு சாம்பலாகி, கறுப்புப் பட்டை மங்கி, எக்ஸ்ரே பிலிமில் பார்க்கிற மாதிரி வெளிறிப்போய், தலைக்குத் தலை ஒட்டிக்கொண்டு வட்டமாகச் சுற்றின. மணல் கிளம்பியது. ஹெச்.எம். இடித்தது, துரை பின்னால் போய், திரும்பி வந்தது. கைநிழல் பட்டாலே குழாய்க்குள் ஓடுகிற துரை திரும்பி வந்தது.

"அக்கா, எடுத்துடுங்கக்கா. செத்துடும்க்கா."

குவளையைப் பிடுங்கி முழங்கை வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தாள், ரவிக்கையெல்லாம் நனைந்தது. ஜெயசீலி அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரு கோமளா. யாரு பெரியவங்கன்னு பேசி முடிச்சுக்கிறாங்க. இதுக்குத்தான் கலர் போவும். துடுப்பைப் பாரு, கிழிஞ்சிருக்கா? இல்லல்ல. கையை எடு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்."

"நானும் ரமீஜாவும் முதல் மாசம் இப்படித்தான் இருந்தோம். கேஸ் அடுப்பை யாரு துடைக்கிறதுன்னு."

"இன்னும் முடியலை" என்றாள் ரமீஜா.

கோமளா கையை எடுத்தாள். எடுப்பதற்கு அவளுக்கு வெகுநேரம் ஆனது. கடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது இந்தக் கைக்குச் சொந்தக்காரிதான், இப்போது ஒரு செதில் போனாலும் தாங்க மாட்டாள் போலிருக்கிறது. மனசு என்பது இவ்வளவு கேவலமாகவும் இவ்வளவு நல்லதாகவும் ஒரே அரை மணிக்குள் இருக்க முடியுமா என்று ஆச்சரியமாக இருந்தது. சுற்றல் மெதுவானது. துரை பின்வாங்கி மணலில் உட்கார்ந்தது. ஹெச்.எம். அதன்மேல் ஒருமுறை உரசிவிட்டு, பெரிய மனுஷி கணக்காக வேர்க்கட்டைக்குத் திரும்பிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் துரையின் ஆரஞ்சு திரும்பி வந்தது, முதலில் துடுப்பில், பிறகு வயிற்றில். மற்ற நாலும் வந்து மோந்து பார்த்தன. அக்கா வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கிக் முள்கரண்டியில் குத்தி உள்ளே இறக்கினாள். ஐந்தும் ஓடி வந்து மொய்த்தன. துரை தூரத்தில் நின்றது, மீசையை ஆட்டியது. சின்னதாக ஒரு லோச் தள்ளிப்போய் இடம் விட்டது, அல்லது இடம் விட்ட மாதிரி அவளுக்குத் தெரிந்தது. ஆறாவதாகத் துரை போய் வாயை வைத்தது.

டொக்.

கோமளா சுற்றிலும் பார்த்தாள். விரலைச் சொடுக்கின மாதிரி ஒரு சத்தம். மறுபடி, டொக், டொக். கண்ணாடி கீறிவிட்டதோ என்று தொட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா சத்தம்?"

"லோச்சுதான். சந்தோஷமா திங்கிறப்ப சொடக்குப் போடும். இப்ப போட்டது உன்னுது, வாயைப் பாரு." அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். "உங்க வீட்டுல போட்டதில்லையா?"

"இல்லக்கா."

"ஒரு தடவைகூடவா?"

"அது ஊமைன்னு நினைச்சுட்டிருந்தேன்க்கா" என்றாள் கோமளா. கண்ணாடியில் காதை வைத்துக்கொண்டு குனிந்து நின்றாள், ஈர ரவிக்கையோடு, யார் வீடு, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில்லாமல். டொக். அவளுக்கு அழுகையும் வந்தது, ஆனால் அது வருத்தமில்லை, அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. நிமிர்ந்தபோது ரமீஜா துண்டை நீட்டினாள்.

"அக்கா, சாயந்திரம் வர்றதா சொன்னாங்களே, அந்தம்மாவுக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடுறீங்களா" என்றாள் கோமளா.

ஜெயசீலி அக்கா போனை எடுத்து நம்பரைத் தேடி, கோமளாவிடமே நீட்டினாள். "அடுப்புல மீன் இருக்கு. நீயே சொல்லிடு."

அந்தப் பக்கம் மணி அடித்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்குரல் யாருங்க என்றது. கோமளா, கொளத்தூர் ரூம் விஷயமாப் பேசறேங்க, ரூமுக்கு ஆள் வந்தாச்சுங்க, மன்னிச்சுக்குங்க என்றாள்.

"அப்படியா. யாரு வந்திருக்காங்க?"

"நான்தாங்க" என்றாள் கோமளா.